தன்வலி அறிதல்

கல்லூரியை விட்டு நீங்குங் காலம் அணுகுந்தோறும் மாணவர் குழாத்திடையே ஒரு வினா எழுகின்றது. ‘இனி என் செய்வது?’ என்பதே அது. இதற்கு விடை தேடுவார் பெரும்பாலும், எத்தொழிலுக்கு ஊதியம் மிகுதி, எத்தொழிலில் இடம் எளிதிற் கிடைக்கும், எதனைச் சுற்றத்தார் மதிப்பர் என்பனவற்றையே ஆராய்கின்றனர். இவை ஆராயத்தகாதன என்று யாம் கூறோம். வறுமையுற்ற இல்லத்தினின்று வந்து பயிலும் மாணவன் ஊதியத்தை நினையாது வேறு யாது நினைப்பான்? ஆயினும் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணவேண்டுவதொன்று பெரும்பான்மையும் எண்ணப்படாமலே ஒழிகின்றது. ‘எவ்வினையை நன்கு முடித்தற்குரிய வலி என்னிடத்து உளது?’ என்று தன்னைத் தானே வினவிக்கொள்ளுதலே அஃது.

நம் நாட்டில் இவ்வினாவை எழுப்புதற்கே நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. ஒருவன் செய்யுந் தொழிலை அவன் பிறப்பே வரையறுத்தது. தந்தை திரிகை சுழற்றினால் மைந்தனும் திரிகை சுழற்றினான்; தந்தை பறை முழக்கினால் மைந்தனும் அதுவே முழக்கினான். பெண்மக்கள் நிலையைக் கூறவும் வேண்டுமோ? அடுக்களைக்கு அப்பால் அவர்க்கு வலியுண்டு என்று நினைத்தவரே சிலர். இங்ஙனம் வெளிப்படாது மாய்ந்த ஆற்றல்கள் எத்துணையென்று யார் கணக்கிட வல்லார்? எம் பாட்டியர் காலத்தில் ஒருவரும் அவரை நோக்கிக் கேளாத கேள்வியை இன்று நாம் நம்மை நோக்கிக் கேட்கக்கூடும். கேட்கக்கூடியதாக இருந்தும் கேளாது விடுதல் பெரியதோர் இழப்பென்பது எம் கருத்து.

மேனாட்டில் இதனை முறைப்பட ஆராயப் புகுந்தவருள் பிராங்க் பார்சன்ஸ் என்பார் குறிப்பிடத்தக்கவர். அவர் 1908-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், தொழில் தேடும் இளைஞர்க்கு அறிவுரை கூறும் நிலையம் ஒன்றனைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே இறந்தும் போயினார். தொழிலைத் தெரிந்தெடுத்தல் பற்றி அவர் எழுதிய நூல் 1909-இல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழில்களின் இயல்பை அறிதல், இவ்விரண்டிற்கும் உள்ள பொருத்தத்தை நேர்மையாக ஆராய்தல் என மூன்று படிகளை அவர் வகுத்தார். இன்றளவும் இத்துறையிற் பேசுவோர் பலரும் இம்மூன்றையே வேறு வேறு சொற்களாற் கூறி வருகின்றனர்.

தமிழ் மாணவராகிய எமக்கோ பார்சன்ஸைப் படிக்குந்தோறும் திருவள்ளுவர் நினைவிற்கு வருகின்றார். பொருட்பாலில் 48-ஆம் அதிகாரம் ‘வலியறிதல்’ என்னும் பெயர் பெற்றது. (வலி என்னுஞ் சொல்லை இக்காலத்தார் நோவு என்னும் பொருளிலேயே வழங்குகின்றனர், ஆற்றல் என்னும் பழம்பொருளிலேயே யாம் ஈண்டு அதனை ஆள்கின்றேம்.) அதற்கு முன்னின்றது செயலை ஆராய்ந்து செய்யும் வகை, பின்னின்றவை காலமறிதலும் இடனறிதலும். சிறிது கடந்து 52-ஆம் அதிகாரத்தில், வினைக்குத் தக்கவனை ஆராய்ந்து அவனிடத்து அவ்வினையை ஒப்புவிக்கும் முறை பேசப்படுகின்றது. இவையெல்லாம் அரசனை நோக்கிக் கூறப்பட்டன. தன் வலியோடு, மேற்கொண்ட வினையின் வலி, மாற்றானது வலி, இருபாலார்க்குந் துணையாவாரது வலி ஆகியவற்றையும் அவன் சீர்தூக்கல் வேண்டும் என்பர் ஆசிரியர். நமக்கு ஏவுவானும் ஏவப்படுவானும் ஒருவரே. நம்மை ஆராய்ந்து வினையில் அமர்த்தும் அரசன் புறத்தே இல்லை. அவ்வரசனாகவும் நாமே இருத்தல் வேண்டும். தொழில் தெரிதல் இக்காலத்து இத்துணை அரிதாயினமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அவ்வதிகாரத்தைப் பயில்வோர் ஒன்றனைப் பெரும்பாலும் கவனியாது செல்கின்றனர். மெல்லிய மயிற்பீலியும் மிகையாக ஏற்றப்படின் வண்டியின் அச்சு முறியும் என்பதனையும், மரத்தின் நுனிக்கிளை ஏறியவன் மேலும் ஏற முயன்றால் உயிரிழப்பான் என்பதனையும் யாவரும் அறிவர். ஆனால், இறுதி நான்கு குறட்பாக்களும் ஈகையையும் வரவு செலவினையும் பற்றியன. வலியறிதலைக் கூறவந்த புலவர் வீட்டுச் செலவுக் கணக்கை ஏன் எடுத்தார்? வலி என்பது வைத்துப் போற்றும் அணிகலனன்று, செலவிடப்படுவதொன்று என்பது அவர் உள்ளக்கிடை போலும். இருப்பை அறிந்தாலன்றிச் செலவை அளவிட இயலாது. நாள்தோறும் பத்து வேலைகளிற் கைவைத்து ஒன்றனையும் முடியாது களைப்புறும் மாணவனை இங்கே நினைந்து பார்க்கலாம். அவன் வலியிலான் அல்லன். தன் வலியின் இருப்பறியாது செலவிடுவோன்.

நிற்க. வலி என்று யாம் கூறுவது யாது? விருப்பத்தையும் வலியையும் ஒன்றெனக் கொள்ளுதல் பலர்க்கு இயல்பு. இசையைக் கேட்டு இன்புறுவான் எல்லானும் பாடவல்லன் அல்லன். தேர்வில் பெற்ற எண்ணையும் வலியென்று கொள்ளலாகாது. ஒருவன் யாதொன்றைப் பிறரினும் விரைவிற் கற்கின்றானோ, யாதொன்றில் பிறர் சலிப்புறுமிடத்தும் தான் சலியாது நிற்கின்றானோ, எதனைக் குறித்துப் பிறர் அவனைத் தேடி வருகின்றனரோ, அவ்விடத்தே அவன் வலி இருத்தல் கூடும். அதுவும் வித்தின் அளவினதே. அறிவும் பயிற்சியும் சேராக்கால் அவ்வித்து முளையாது.

தேர்வு வலியைக் காட்டாமைக்கு இராமானுஜன் வரலாறு யாவரும் அறிந்த சான்று. 1904-இல் கும்பகோணம் கல்லூரியிற் சேர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே கருத்தூன்றிப் பிற பாடங்களிற் தவறி உதவிச்சம்பளத்தை இழந்தார். சென்னையிற் பயின்றபோதும் எப்.ஏ. தேர்வு அவர்க்கு வாய்க்கவில்லை. 1912-இல் திங்கள் 30 ரூபாய்ச் சம்பளத்திற்குச் சென்னைத் துறைமுகக் கழகத்திற் கணக்கராய் அமர்ந்தார். அங்கே அவர்க்கு மேலலுவலராக இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் வல்லவர். அவருடைய ஏடுகளின் அருமையைக் கண்டவர். கழகத் தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பாரும் துணைநின்றார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் திங்கள் 75 ரூபாய் அளித்து ஆராய்ச்சி மாணவராக்கிற்று. 1914-இல் கேம்பிரிட்ஜ் நகர்க்குக் கப்பலேறினார். இவ்வரலாற்றைக் கேட்டவளவிலே ‘யாமும் தேர்வில் தவறினேம், யாமும் இராமானுஜன் ஆவேம்’ என்று ஆறுதல் கொள்ளும் நண்பர் சிலர் உளர். அவர்க்கு ஒன்று கூறுவேம்: அவர் தவறிய நாட்களிலும் ஏடுகள் நிரம்பிக்கொண்டே இருந்தன.

இராமானுஜன் போல்வார் அரியர். நம்மனோரின் வலி பெரும்பாலும் சிறியது; ஆதலின் கண்ணுக்குப் புலனாகாதது. விடுதியில் இருவர் பிணங்கியவழி இருவரையும் சினமின்றிப் பேசவைப்பவன் ஒருவன். உணவுக் கணக்கில் நாலணாப் பிழையைக் காணாது உறங்கச் செல்லாதவன் மற்றொருவன். புதிதாக வந்த மாணவரின் பெயர்களை ஒரு நாளில் நினைவிற் கொள்வான் இன்னொருவன். இவர்களை வினவின், ‘இதுவும் ஒரு திறமையோ?’ என்று நகைப்பர். தமக்கு எளிதாக வருவதொன்று யாவர்க்கும் எளிதென்று அவர் எண்ணிக்கொள்கின்றனர். தன்வலி தனக்கு மறைந்து கிடத்தற்கு முதற்காரணம் இதுவே. ஆகவே தன்னைத் தான் அறிதற்குத் தனியே அமர்ந்து சிந்தித்தல் மட்டும் போதியதன்று. பிறர் கண்ணும் வேண்டும்.

இதற்குத் தமிழுலகம் மறவாத சான்று ஒன்றுண்டு. 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள், கும்பகோணத்திற்கு முன்சீப்பாக மாறிவந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண உ. வே. சாமிநாதையர் சென்றார். ஐயர்க்கு அப்போது அகவை 25. அவ்வாண்டில்தான், தியாகராச செட்டியார் தாம் வகித்த கல்லூரித் தமிழாசிரியர் பதவியினின்று நீங்குங்கால் ஐயரைப் பரிந்துரைக்க, அவர் அப்பதவியை ஏற்றிருந்தார். முதலியார் அவரை நோக்கி யாரிடத்துப் பாடங்கேட்டீர், யாவை கேட்டீர் என வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் ஐயர் அடுக்கிச் சொன்னார். கேட்பவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. பின்னர், சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டோ என்று முதலியார் வினவ, ஐயர் இல்லையென்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதன்பின் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் படியொன்றை அவரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் பழந்தமிழ் நூல்கள் வெளிவந்த கதைக்குத் தொடக்கமாகவே சொல்வர். எமக்கு அது தன்வலி அறிதற்கும் ஒரு பாடமாகத் தோன்றுகின்றது. மடத்தில் மதிக்கப்பட்டவை செய்யுள் இயற்றுதலும், கற்றதைப் பிழையின்றி ஒப்புவித்தலும், பாடஞ் சொல்லுதலும் ஆம். இவற்றிலும் ஐயர் குறைந்தவர் அல்லர். ஆயினும் அவர்பால் வேறொன்று இருந்தது. ஓரேட்டையும் மற்றோரேட்டையும் அடுத்து வைத்து எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கும் பொறுமையும், பொருள் விளங்காத ஓரிடத்தை ஆண்டுக்கணக்கில் மனத்திற் சுமந்து திரியும் இயல்பும், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் யாரிடத்தும் சென்று கேட்கும் பணிவும் ஆகிய மூன்றும் கூடிய ஓர் ஆற்றல் அது. சிந்தாமணி சமண காவியம். சைவ மடத்திற் பயின்ற அவர் சமண அன்பர் இல்லங்களை நாடிச்சென்று அச்சமய நுட்பங்களைக் கேட்டறிந்தார். இவ்வாற்றல் மடத்தில் வெளிப்பட்டிருக்க இயலுமோ? அதற்கேற்ற வினை அங்கே இல்லை. வினை வந்து வாய்த்தபின் அன்றோ வலி தோன்றிற்று! சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. கல்லூரியிற் பாடஞ் சொல்லும் கடமையை விடாமலே இவை யாவும் செய்யப்பட்டன என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1903-இல் அவர் கும்பகோணத்தை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் செல்ல, அடுத்த ஆண்டில் அதே கும்பகோணம் கல்லூரிக்கு இராமானுஜன் மாணவராய் வந்தார் என்பது ஒரு விந்தை. ஈண்டு அதனை விரித்தல் வேண்டா.

கிறித்தவராகிய நமக்குத் தாலந்துகளின் உவமை சிறுபருவத்தே பழகியது. ஆங்கிலத்தில் இயற்கை ஆற்றலைக் குறிக்குஞ் சொல் அவ்வுவமையினின்றே பிறந்தது. ஆதலால் தாலந்து என்றவுடன் ஆற்றல் என்றே பொருள்கொள்கின்றோம். மத்தேயு சுவிசேஷத்தை ஊன்றிப் படிப்பார்க்கு வேறொன்று தோன்றும். தலைவன் தன் ஊழியக்காரர்க்குத் தாலந்துகளைப் பங்கிட்டபோது அவரவர் திறமையை நோக்கியே கொடுத்தான் என்று அங்கே சொல்லப்பட்டுளது. அங்ஙனமாயின் திறமை முன்னரே அவரிடத்து இருந்தது. தாலந்து பின்னர்க் கைவந்த முதற்பொருள். எனவே, நம் கையில் ஒப்புவிக்கப்பட்ட வினையையும் வாய்ப்பையுமே தாலந்து என்று கொள்ளுதல் பொருந்தும். ஒரு தாலந்து சிறுதொகையும் அன்று. ஏறத்தாழ 6,000 தினாரி கொண்டது ஒரு தாலந்து; ஒரு தினாரி கூலியாள் ஒருவனது ஒரு நாட்கூலி. ஓய்வுநாள் நீக்கிப் பார்ப்பின் ஏறக்குறைய இருபதாண்டு உழைப்பின் ஊதியத்தை அக்கடைசி ஊழியக்காரன் மண்ணிற் புதைத்தான். அவன் கூறிய காரணம் அச்சம். ஒரு தாலந்தே பெற்றேன் என்று அவன் முறையிடவில்லை. நாமே அம்முறையீட்டை அவன் வாயில் வைத்துப் பிரசங்கிக்கின்றோம். தமிழ் பயின்று யாது செய்வீர் என்று எம்மை வினவுவார்முன் நாணித் தலைகவிழும் தோழர்க்கு, கையிலிருப்பது எத்துணைப் பெருந்தொகை என்பதனை எண்ணிப்பார்க்குமாறு சொல்ல விரும்புகின்றேம்.

இனி, அறிந்த வலியைத் தொழிலில் எவ்வாறு பயன்படுத்துவது? தன் வலிக்கென்றே அமைந்த தொழில் வந்து வாய்க்கும் வரையில் காத்திருப்பேன் என்பவன் காத்தே இருப்பான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை செய்தது வேறு. 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர்த் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் முதலிய இடங்களில் முன்சீப்பாக விளங்கினார். அவர் வலி எழுத்தில் இருந்தது. தெளிந்த தமிழில், நகைச்சுவையோடு, எளியார்க்கும் விளங்க உரைப்பதில் இருந்தது. வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புரைக்கும் வேலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பை அவரே உண்டாக்கினார். 1805 முதல் 1861 வரையிற் சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத வழக்காளி தன் வழக்கின் போக்கைத் தானே அறிதற்கு அவர் செய்த வழி அது. நாள்தோறும் கண்ட பொய்யும் கைக்கூலியும் பங்காளிப் பகையும் 1859-இல் வந்த நீதிநூலுக்குப் பொருளாயின. பெண்கல்வியின் இன்றியமையாமை 1869-இல் ‘பெண்மதி மாலை’ ஆயிற்று. ஓய்வுபெற்ற பின், 1879-இல், தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழ்நாட்டு நீதிமன்றத்தில் தமிழ் வழங்காமையை அந்நாவலிலும் அவர் எள்ளி நகையாடியுள்ளார். நீதிமன்றம் அவர் எழுத்துக்கு இடையூறாயிற்றோ, உணவாயிற்றோ? இரண்டும் ஆயிற்று என்பதே உண்மை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ‘இஃது என் வலியன்று’ என்னும் சொல், சோம்பலுக்கு நல்லதோர் ஆடையாகும். வலியல்லாத இடத்திலும் பிறர்க்குக் கேடுவாராத அளவிற்குத் தேர்ச்சி வேண்டும். பிள்ளையவர்கள் கவிபாட வல்லவர் என்பதற்காக வழக்கைத் தள்ளிவைத்திருப்பின், அவ்வழக்காளிக்கு அவர் கவியால் என்ன பயன்? மேலும், வலியே மிகுந்து குற்றமாதலும் உண்டு. நுணுகி நோக்கும் இயல்புடையான் ஒரு கடிதத்தை நாலுமுறை திருத்தித் தபால் நேரத்தைத் தவறவிடுகின்றான். இனிமையாகப் பேசவல்லான் மறுத்துரைக்க வேண்டிய இடத்தும் மறுத்துரையான். அளவறிதலை வலியறிதலினுள் வள்ளுவர் வைத்தமையின் பொருத்தம் இவ்விடத்தும் காண்க.

வலியை அறிதற்கு இக்காலத்தார் வினாத்தாள்களையும் அமைத்துள்ளனர். மார்க்கஸ் பக்கிங்காம், டானல்ட் கிளிப்டன் என்னும் இருவர் 2001-இல் வெளியிட்ட நூல் 34 வகையாக அவற்றைப் பகுத்தது. கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன் என்னும் உளநூலார் 2004-இல் நற்பண்புகளை 24 எனக் கொண்டு 6 பெரும்பிரிவில் அடக்கினர். இவை பயனற்றன என்பதற்கில்லை; பெயரில்லாதிருந்ததற்குப் பெயர் கிடைத்தலும் ஒரு நன்மையே. ஆனால் வினாத்தாளுக்கு விடையெழுதுபவன் தன்னைப்பற்றித் தான் கொண்ட எண்ணத்தையே எழுதுகின்றான். அவ்வெண்ணம் பிழைபட்டதாயின் விடையும் பிழைபடும்.

பீட்டர் டிரக்கர் என்னும் அறிஞர் 1999-இல் எழுதிய கட்டுரையொன்றிற் கூறிய வழி எமக்கு இதனினும் ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. கருதத்தக்க முடிவொன்றைச் செய்யும்போதெல்லாம், இதனால் இன்னது விளையும் என்று தான் எதிர்பார்ப்பதனை எழுதிவைத்தல் வேண்டும். ஒன்பது அல்லது பன்னிரண்டு திங்கள் கழித்து, விளைந்ததனோடு அதனை ஒப்புநோக்கல் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் இங்ஙனம் செய்தால் வலி எங்குளது, எங்கில்லை என்பது தானே புலனாகும் என்பது அவர் துணிபு. கால்வினும் இக்னேஷியஸ் லொயோலாவும் தம்மைப் பின்பற்றினார்க்கு இம்முறையை வகுத்தனர் என்றும் அவர் எழுதுகின்றார்.

இதற்குப் பொருட்செலவு யாதும் இல்லை. கோடிட்ட குறிப்பேடு ஒன்று போதும். இடப்பக்கத்தில் நாளும், மேற்கொண்ட வினையும், எதிர்பார்ப்பும் எழுதுக. வலப்பக்கத்தை வெறுமையாக விடுக. எழுதியதை எவர்க்கும் காட்டவேண்டுவதில்லை. காட்டக் கருதினால் எதிர்பார்ப்பைச் சிறிது அழகுபடுத்தி எழுதுவோம், அது கணக்கைக் கெடுக்கும். கல்லூரி திறக்கும் திங்களில் தொடங்கினால், அடுத்த ஆண்டுமலர் அச்சேறும் முன்னர் வலப்பக்கத்திற் சில வரிகளேனும் நிரம்பியிருக்கும்.